சுரப்பியும் ஆன்மாவும்: பிட்யூட்டரியை முன்வைத்து ஒரு சித்தாந்த விசாரணை

உடலின் வளர்ச்சி, நீரின் அளவு, மாதவிடாய், மகப்பேறு, பாலூட்டல், இடர் வரும்போது உடல் கொள்ளும் விறைப்பு ஆகிய இத்தனையும் மூளையின் அடியில் தொங்கும் அரைக் கிராம் எடையுள்ள ஓர் உறுப்பின் வழியாக ஒழுங்குபெறுகின்றன என்பது இன்று பள்ளிப் பாடநூலிலேயே இடம்பெற்றுவிட்ட செய்தி. அச்செய்தி சமய மெய்யியலுக்குள் எழுப்பும் வினா மட்டும் பாடநூலுக்குள் அடங்குவதில்லை. சினம், காமம், சோம்பல், தாயன்பு ஆகியவற்றுக்கு உயிரே பொறுப்பென்று சமயங்கள் நெடுங்காலமாகச் சொல்லிவந்திருக்க, அவையே குருதியில் கலக்கும் சில பொருள்களின் அளவுக்கேற்பக் கூடியும் குறைந்தும் தோன்றுமானால், உயிர் என்று தனியே ஒன்றைக் கொள்வதற்கு என்ன தேவை எஞ்சியிருக்கிறது என்பதே அவ்வினா. இதற்கு விடை தேடியவர்கள் பெரும்பாலும் உடலுக்குள் ஆன்மாவுக்கு ஓர் ஆசனம் தேடினார்கள், அல்லது ஆசனம் காலியாக இருப்பதைக் காட்டி ஆன்மாவையே மறுத்தார்கள். பிட்யூட்டரியின் வேலைமுறையைக் கூர்ந்து நோக்கினால், இந்த இரு தரப்பாரும் ஒரே தவறான எதிர்பார்ப்பிலிருந்து புறப்பட்டவர்கள் என்பது புலனாகும்.

பாடநூல்கள் சிலவற்றில் கபச்சுரப்பி என்றும் வழங்கும் இந்தப் பிட்யூட்டரி, மூக்கின் வேருக்கு நேர் பின்னே, மண்டையோட்டின் அடித்தளத்து எலும்பொன்றில், சேணத்தின் வடிவை ஒத்திருப்பதால் உடற்கூற்றியலார் துருக்கிச் சேணம் என்று பெயரிட்ட சிறு குழியில் அமர்ந்திருக்கிறது, பட்டாணி அளவுதான். மூளையிலிருந்து வடியும் சளியை மூக்குக்கு அனுப்பும் வடிகால் இது என்று கிரேக்க மருத்துவர் காலென் கருதினார். அக்கருத்து ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேல் நிலைத்தது, பதினேழாம் நூற்றாண்டில்தான் மூளைக்கும் மூக்குக்கும் அப்படியொரு வழியே இல்லை என்பது சோதனையால் உறுதிப்பட்டது. ஒரே சுரப்பி என்று சொல்லப்பட்டாலும் இது உண்மையில் இரண்டு. கருவில் வாயின் மேற்கூரையிலிருந்து மேல்நோக்கிக் கிளம்பும் ஒரு மடிப்பு முன்பகுதியாகவும், மூளையின் தரையிலிருந்து கீழ்நோக்கி இறங்கும் ஒரு நீட்சி பின்பகுதியாகவும் மாறி, இரண்டும் நடுவழியில் ஒட்டிக்கொள்கின்றன. உண்ணும் வாயின் உறவும் எண்ணும் மூளையின் உறவும் ஒரே குழிக்குள் ஒட்டி வாழும் இந்த அமைப்பு, உடலையும் மனத்தையும் கோடு கிழித்துப் பிரிக்க முனைவோரைச் சற்றே தயங்கவைக்க வேண்டும்.

முன்பகுதி ஆறு முதன்மையான ஹார்மோன்களைச் சுரக்கிறது. ஹார்மோன் என்பது ஓரிடத்தில் சுரந்து, குருதியில் கலந்து, தொலைவிலுள்ள வேறோர் உறுப்பின் செயலை மாற்றும் பொருள். ஆங்கிலேய உடலியங்கியலறிஞர் எர்னெஸ்ட் ஸ்டார்லிங் 1905இல் அச்சொல்லை வழக்குக்குக் கொண்டுவந்தார். இவ்வாறினுள் வளர்ச்சி ஹார்மோன் எலும்பையும் தசையையும் வளர்க்கிறது. புரோலாக்டின் பாலை உண்டாக்குகிறது. மற்ற நான்கும் பிற சுரப்பிகளை வேலைவாங்குவன, அவற்றுள் ஒன்று தைராய்டையும், ஒன்று சிறுநீரகங்களின் மேலமர்ந்த அட்ரீனலின் புறணியையும், இரண்டு சூலகம் அல்லது விந்தகத்தையும் தூண்டுகின்றன. பின்பகுதியோ எதையும் தானே உண்டாக்குவதில்லை. மேலேயுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் மூளைப் பகுதியின் நரம்பணுக்கள் உருவாக்கி அனுப்பும் வாசோப்ரெசின், ஆக்ஸிடோசின் ஆகிய இரண்டையும் வைத்திருந்து, வேண்டும்போது குருதியில் விடுகிறது. ஒரு நாளில் சிறுநீரகங்கள் ஏறத்தாழ 180 லிட்டர் நீர்மத்தை வடிகட்டியும் வெளியேறும் சிறுநீர் ஒன்றிரண்டு லிட்டராக நிற்பதற்கு வாசோப்ரெசின் பெருங்காரணம். அது அற்றுப்போனால் ஒருவர் நாளொன்றுக்குப் பத்து லிட்டருக்கு மேலும் சிறுநீர் கழித்துத் தீராத தாகத்தில் தவிக்க நேரும். குருதியின் செறிவு நூற்றில் ஒரு பங்கு கூடினாலே தாகமும் இந்தச் சுரப்பும் எழுகின்றன. தாகம் என்று உயிர் அறிவது, உடல் அதற்கு முன்பே அறிந்து தொடங்கிவிட்ட ஒரு காரியத்தின் பிற்பாதி.

பாலூட்டலில் இது இன்னும் தெளிவாகப் புலப்படும். குழந்தை மார்பில் வாய்வைத்துச் சப்பும்போது காம்பிலிருந்து எழும் நரம்புத் துடிப்பு முதுகுத்தண்டின் வழியே ஹைப்போதலாமஸை அடைகிறது. அங்கிருந்து வந்த ஆணையால் பின்பகுதி ஆக்ஸிடோசினை விட்டுவிட்டு வெளியிடுகிறது. அது குருதியோடு மார்பை அடைந்து, பாலறைகளைச் சூழ்ந்துள்ள நுண்ணிய தசையணுக்களைச் சுருக்க, சப்பத் தொடங்கிய ஒரு நிமிடத்துக்குள் பால் இறங்குகிறது. இதுவரை கதை முழுக்க இயந்திரத்தின் கதை. ஆனால் பழகிய தாய்க்குக் குழந்தை வாய்வைக்கவே வேண்டியதில்லை. அடுத்த அறையில் அது அழும் ஒலி கேட்டாலே சேலை நனைந்துவிடுகிறது. அவளே அச்சத்திலோ அவமானத்திலோ இருந்தால், குழந்தை சப்பியும் பால் இறங்கத் தாமதிக்கிறது. ஒலியின் பொருளும், நினைவும், அச்சமும் இந்தச் சுரப்பியின் கதவைத் திறக்கவும் அடைக்கவும் வல்லவையாக இருக்கும்போது, ஹார்மோன் அன்பை உண்டாக்குகிறது என்று ஒருவழிப் பாதையாகச் சொல்வது செய்தியில் பாதியை மறைப்பதாகும்.

அப்படிச் சொல்லும் ஆவல் அறிவியலாரிடையிலும் இல்லாமலில்லை. வாழ்நாள் முழுதும் ஒரே துணையோடு வாழும் இயல்புடைய ஒருவகைப் புல்வெளி எலிகளில் இணைப்பிணைப்புக்கு ஆக்ஸிடோசின் இன்றியமையாதது என்று நெடுநாள் கருதப்பட்டது. 2005இல் அதை மூக்கில் தெளித்துக்கொண்ட மனிதர்கள் பிறரைக் கூடுதலாக நம்பினார்கள் என்று ஓர் ஆய்வு வெளிவர, இதழ்கள் அதற்கு அன்பு ஹார்மோன் என்று பட்டமே சூட்டின. நம்பிக்கை பற்றிய சோதனையைத் திரும்பச் செய்தவர்களுக்கு அதே விளைவு கிட்டவில்லை. 2023இல் ஆக்ஸிடோசினை உணரும் ஏற்பியே இல்லாதபடி மரபணு மாற்றம் செய்யப்பட்ட அதே இன எலிகளும் வழக்கம்போல் துணையோடு பிணைந்து வாழ்ந்ததாகத் தெரியவந்தது. பட்டம் சூட்டிய இதழ்கள் அதைத் திரும்பப் பெற்றதாகத் தெரியவில்லை.

பிட்யூட்டரிக்கும் ஒரு பட்டம் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பிற சுரப்பிகள் எல்லாம் அதன் ஏவலில் இயங்குவதைக் கண்டவர்கள் அதைத் தலைமைச் சுரப்பி என்றார்கள். 1886இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மாரி, வயதுவந்தபின் கைகால்களும் தாடையும் பெருத்துக்கொண்டே போகும் நோயை விவரித்தார்; அது இச்சுரப்பியின் கட்டியால் வருவது பின்னர் உறுதியாயிற்று. அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் 1912இல் இதன் நோய்களைப் பற்றித் தனிநூலே எழுதினார். இத்தனை வலிமை ஓரிடத்தில் குவிந்திருப்பதைக் கண்டபின், மனிதனின் குணத்தையும் அங்கேயே தேடுவது இயல்புதான். லூயிஸ் பெர்மன் என்னும் நியூயார்க் மருத்துவர் 1921இல் வெளியிட்ட நூலில், மாந்தர்களைச் சுரப்பிகளின் பெயரால் வகைப்படுத்தி, நெப்போலியனின் எழுச்சிக்கும் வீழ்ச்சிக்கும் பிட்யூட்டரியையே காரணமாக்கினார். சோதிடத்தில் கோள்கள் இருந்த இடத்தில் சுரப்பிகளை வைத்தது தவிர அதில் புதுமை அதிகமில்லை.

தலைமைச் சுரப்பியின் தலைமையைப் பறித்தவர் ஆங்கிலேய உடலியங்கியலறிஞர் ஜெஃப்ரி ஹாரிஸ். ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியின் முன்பகுதியையும் இணைப்பது நரம்புகளல்ல, சில மில்லிமீட்டர் நீளமே உள்ள நுண்ணிய குருதிக் குழாய்கள். அவற்றின் வழியே மூளை அனுப்பும் வேதிப்பொருள்கள்தாம் முன்பகுதியை ஆட்டிவைக்கின்றன என்பது அவரது கருதுகோள். 1952இல் அவரும் டோரா யாக்கப்சோனும் எலிகளின் பிட்யூட்டரியை அகற்றி, வேறு பிட்யூட்டரித் திசுவை மூளையின் இருவேறு இடங்களில் பதித்தார்கள். பொட்டெலும்பை அடுத்த மூளைப்பகுதிக்குக் கீழே பதித்தபோது அது உயிரோடிருந்தும் வேலைசெய்யவில்லை. ஹைப்போதலாமஸுக்கு நேர் கீழே, அக்குழாய்கள் எட்டும் இடத்தில் பதித்தபோது வேலைசெய்தது, அவ்வெலிகள் கருவுறவும் செய்தன. திசு ஒன்றே, இடம் மாறியதும் ஆட்சி போயிற்று. அந்த வேதிப்பொருள்களைப் பிரித்தெடுக்க ரோஜே கியமேனும் ஆண்ட்ரூ ஷாலியும் இலட்சக்கணக்கான ஆடு, பன்றிகளின் மூளைத் துணுக்குகளை அரைத்து வடித்து 1969இல் முதற்பொருளைக் கண்டு, 1977இல் நோபல் பரிசில் பங்குபெற்றார்கள்.

அப்படியானால் ஹைப்போதலாமஸ்தான் அரசு என்று முடித்துவிடலாமா என்றால் அதுவும் கூடவில்லை. தைராய்டின் சுரப்பு குருதியில் மிகும்போது அதுவே மேலேறிச் சென்று ஹைப்போதலாமஸையும் பிட்யூட்டரியையும் அடக்குகிறது; இதனை எதிர்ப் பின்னூட்டம் என்பர், அதாவது விளைவே தன் காரணத்தைக் கட்டுப்படுத்தும் முறை. உடற்கொழுப்பு தன் இருப்பின் அளவை ஒரு ஹார்மோனால் மேலே தெரிவிக்கிறது. கண்ணில் படும் ஒளி நாளின் பொழுதைத் தெரிவிக்க, விடியலுக்குச் சற்று முன்பே அட்ரீனலின் கார்டிசால் என்னும் சுரப்பு எழுந்து, நள்ளிரவில் தாழ்கிறது. புரோலாக்டின் மட்டும் வேறுவகை. மூளை அதை ஏவுவதைவிட எப்போதும் தடுத்துக்கொண்டே இருக்கிறது, சுரப்பியை மூளையோடு இணைக்கும் காம்பு அறுபட்டால் மற்றவை குறைய, இது மட்டும் பெருகுகிறது. ஆக, ஏவுவோர் எல்லாரும் ஏவப்படுவோராகவும் இருக்கும் இந்த வட்டத்தில், தான் எவராலும் ஏவப்படாமல் பிறவற்றை ஏவும் உறுப்பு ஒன்றுகூட இல்லை.

உடலுக்குள் ஆன்மாவின் ஆசனத்தைத் தேடிய முயற்சிகளில் பெயர்பெற்றது பிரெஞ்சு மெய்யியலாளர் ரெனே டேக்கார்ட்டினுடையது. மூளையின் உறுப்புகள் எல்லாம் இரட்டையாக இருக்க, பினியல் சுரப்பி மட்டும் ஒற்றையாக நடுவில் இருப்பதால், இரு கண் கண்டதும் இரு செவி கேட்டதும் ஒன்றாகும் இடம் அதுவே, ஆன்மா உடலோடு தொடர்புகொள்ளும் இடமும் அதுவே என்று 1649இல் அவர் வெளியிட்ட உணர்ச்சிகள் பற்றிய நூல் வாதிட்டது. ஒற்றையாக இருப்பதுதான் தகுதி என்றால் பிட்யூட்டரிக்கும் அத்தகுதி உண்டு. டென்மார்க்கின் உடற்கூற்றியலார் நீல்ஸ் ஸ்டென்சன் 1665இல், டேக்கார்ட் சொன்னபடி பினியல் அசைந்து திரும்ப வழியில்லை என்று மூளையைப் பிளந்து காட்டினார். ஆனால் டேக்கார்ட்டின் பிழை உடற்கூற்றுப் பிழை மட்டுமன்று. இடமே இல்லாதது என்று தானே வரையறுத்த ஒன்றுக்கு இடம் தேடியது அதனினும் பெரிய பிழை.

அப்பிழை கிழக்கே வந்தபோது அறிவியல் வேடம் பூண்டு வந்தது. 1882இல் சென்னை அடையாற்றில் தலைமையிடம் கொண்ட பிரம்மஞான சபையின் நிறுவுநர்களுள் ஒருவரான பிளவாட்ஸ்கி, 1888இல் வெளியான தம் பெருநூலில் பினியலை மறைந்துபோன மூன்றாம் கண்ணாகக் கொண்டார். அவ்வழியில் வந்த ஆலிஸ் பெய்லி 1930இல் சக்கரங்களை ஒவ்வொன்றாக நாளமில்லாச் சுரப்பிகளோடு பொருத்தி, புருவநடுவின் ஆக்ஞைக்குப் பிட்யூட்டரியைக் கொடுத்தார். இன்று தமிழில் விற்கும் யோகாசனக் கையேடுகள் பலவற்றில் அந்த அட்டவணை முனிவர் வாக்குப்போல் அச்சாகிறது. இச்சக்கரங்களை ஆறு ஆதாரங்களாகப் பேசும் பழைய நூல்கள் அவற்றைத் தசையில் அறுத்துக் காணும் உறுப்புகளாகச் சொல்லவில்லை. தியானத்தில் கொள்ளும் நிலைகளாகச் சொல்லின. ஹார்மோன் என்னும் கருத்தே பிறவாத காலத்து நூல்களுக்கு அதை முன்கூட்டியே அறிந்த பெருமையைச் சேர்ப்பது, அந்நூல்கள் உண்மையில் சொன்னதைப் படிக்காமலிருக்க ஒரு வழியாகிவிட்டது.

எதிர்த்தரப்பின் வாதமும் தமிழுக்குப் புதிதன்று. மணிமேகலைக் காப்பியத்தில் வஞ்சி மாநகரில் சமயவாதிகள் பலர் தத்தம் கொள்கையை எடுத்துரைக்கும் காதையில் பூதவாதி என்பவன் வருகிறான். பூவும் வெல்லக்கட்டியும் பிறவும் சேர்ந்து புளிக்கும்போது முன்பு எதிலும் இல்லாத களிப்பு பிறப்பதுபோல், பூதங்கள் கூடும் கூட்டத்தில் உணர்வு பிறக்கிறது, அவை பிரியும்போது அதுவும் மறைகிறது என்பது அவன் கொள்கை. ஹார்மோன்களைக் காட்டி ஆன்மாவை மறுக்கும் இன்றைய வாதம் இதிலிருந்து வடிவத்தில் அணுவளவும் வேறுபடவில்லை. மதுவுக்குப் பதில் அட்ரீனலின் சுரப்பு என்பதே வேறுபாடு. உலகாயதரின் இவ்வகைக் கொள்கையை முதலில் எடுத்துக்கொண்டு மறுத்தபின்னரே பிற சமயங்களுக்குச் செல்கிறது அருணந்தி சிவாசாரியாரின் சிவஞான சித்தியார் பரபக்கம். அதைச் சைவ சித்தாந்திகள் எளிய பகையாகக் கருதவில்லை என்பதற்கு அதுவே சான்று.

சைவ சித்தாந்தத்தின் விடை எதிர்பாராத திசையிலிருந்து வருகிறது. உடலையும் மனத்தையும் உலகையும் அது முப்பத்தாறு தத்துவங்களாகவும், அவற்றின் விரிவான அறுபது தாத்துவிகங்களாகவும் பகுக்கிறது. தாத்துவிகம் என்பது ஒரு தத்துவத்தின் கூறாகவோ செயலாகவோ வெளிப்படுவது. எண்ணும் முறை நூலுக்கு நூல் சற்றே வேறுபடினும், பட்டியலைப் பார்ப்பவர் ஒன்றைக் கவனிக்காமல் இருக்க முடியாது. மயிரும் தோலும் எலும்பும் நிலத்தின் கூறுகள் என்று சொல்லும் அதே மூச்சில், உணவும் உறக்கமும் அச்சமும் புணர்ச்சியும் சோம்பலும் தீயின் கூறுகள் என்றும், காமமும் குரோதமும் உலோபமும் மோகமும் மதமும் வெளியின் கூறுகள் என்றும் அது வரிசைப்படுத்துகிறது. பூதங்கள் அறிவற்ற சடம். ஆகவே பசியும் சினமும் காமமும் சடத்தின் விளைவுகளே. மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்களும், அதாவது அகக்கருவிகளும், மாயையிலிருந்து தோன்றிய சடங்களே. பூதவாதி வெற்றியாகக் கருதிப் பெற்றுக்கொள்ள வந்ததைச் சித்தாந்தி கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிறார். சினத்துக்கு ஒரு வேதிப்பொருள் உண்டு, காமத்துக்கு ஒரு சுரப்பி உண்டு என்று மெய்ப்பிப்பது டேக்கார்ட்டுக்கு நெருக்கடி. சித்தாந்த மரபுக்கோ அது தன் பட்டியலில் ஒரு வரி கூடுதலாக விளங்கியது என்பதற்கு மேல் ஒன்றுமில்லை.

ஆன்மாவுக்கு இடம் தேடும் சிக்கலிலும் அம்மரபு வேறு வழி செல்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டில் மெய்கண்டார் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரம், ஆன்மா அந்தக்கரணங்களுள் ஒன்றன்று என்று கூறி, அது அவற்றோடு நிற்கும் நிலையை அமைச்சர்களோடு கூடிய அரசனின் நிலைக்கு ஒப்பிட்டு, ஐந்து அவத்தைகளை உடையது என்கிறது. அவத்தை என்பது உயிர் அறியும் நிலை. நனவில் அது நெற்றியிடத்தும், கனவில் கழுத்திலும், உறக்கத்தில் இதயத்திலும், பேருறக்கத்தில் கொப்பூழிலும், அதனையும் கடந்த ஒடுக்கத்தில் மூலாதாரத்திலும் நிற்பதாக உரைகள் விரிக்கும்; நனவில் முப்பத்தைந்தாக இருந்த கருவிகள் கனவில் இருபத்தைந்தாகவும், பின் மூன்றாகவும் இரண்டாகவும் ஒன்றாகவும் குறைகின்றன. நெற்றி என்ற ஒரு சொல்லை மட்டும் பிடித்துக்கொண்டு அங்கே பிட்யூட்டரியைக் காண்பவர், அதே உரை உயிரை நாள்தோறும் அங்கிருந்து இறக்கிவிடுவதைக் காணத் தவறுகிறார். நிலையான ஆசனம் எந்த உறுப்பிலும் இல்லை என்பதே அந்த அமைப்பின் உட்பொருள்.

உறக்கம் பற்றி மூன்றாம் சூத்திரம் ஒரு நுட்பமான வாதத்தை வைக்கிறது. உறங்கும்போது மூச்சு ஓடிக்கொண்டிருந்தும் உண்பதும் செயலும் இல்லாமையால், மூச்சுக்காற்று உயிரன்று என்பது அது. இன்றைய அறிவு இந்த வாதத்தை இன்னும் அழுத்தமாக்குகிறது எனலாம். ஆழ்ந்த உறக்கத்தின் முதற்பகுதியில்தான் வளர்ச்சி ஹார்மோன் ஒரு நாளின் பெரும் அலையாக வெளிப்படுகிறது. அறிபவன் எவனும் இல்லாத வேளையில் உடல் தன் பெரிய கட்டட வேலையைச் செய்துமுடிக்கிறது. உடம்பை மாயையால் ஆகிய இயந்திரம் என்று மெய்கண்டார் சொன்னது உருவகமாக மட்டும் இல்லை போலும்.

இங்கு ஒரு தடையை மறைக்காமல் சொல்லவேண்டும். எந்தக் கண்டுபிடிப்பு வந்தாலும் அதைச் சடத்தின் கணக்கில் எழுதிவிட்டு ஆன்மாவை அப்பால் வைத்துக்கொள்ளும் கொள்கை, எந்தச் சோதனையாலும் தோற்காத கொள்கையும் ஆகும். தோற்காதது என்பதாலேயே அது மெய்ப்பிக்கப்பட்டதாகிவிடாது. சுரப்பிகளின் ஆட்சியில் அரசன் இல்லை என்பதைக் காட்டி, ஆகவே அரசன் அப்பால் இருக்கிறான் என்று முடிப்பது சித்தாந்திக்கு இனிக்கலாம். அதே சான்றைக் கொண்டு, அரசனே தேவையில்லை என்று பௌத்தர் முடிப்பார், அவர் முடிவும் அளவைக்கு முரணாகாது. பிட்யூட்டரி இவ்வழக்கில் எந்தத் தரப்புக்கும் சாட்சி சொல்லவில்லை. ஒரு தரப்பை மட்டும் அது தெளிவாகக் கைவிடுகிறது: உடலுக்குள் ஓர் உறுப்பைச் சுட்டி, இதோ நான் என்று சொல்ல விரும்பியவர்களை. ஆன்மா உண்டா என்பதற்கான வாதம், அறியப்படுவனவெல்லாம் அறிபவனுக்கு வேறு என்னும் அறிவாராய்ச்சியிலிருந்துதான் வரவேண்டுமே தவிர, உடற்கூற்றிலிருந்து வாராது.

வினா இத்தோடு ஓய்ந்துவிட்டால் அது ஏட்டளவில் நின்றுவிடும். அது கடுமையாகும் இடம் பொறுப்பு. புரோலாக்டினை அளவுமீறிச் சுரக்கும் பிட்யூட்டரிக் கட்டிக்குக் காபர்கோலின் என்னும் மாத்திரை தரப்படுகிறது. மூளையின் டோபமைன் என்னும் பொருளைப்போல் இயங்கிப் புரோலாக்டினைத் தடுக்கும் இம்மருந்து, கட்டியையும் பெரும்பாலும் சுருக்கிவிடும். அறுவை தேவைப்படாமலேயே பலர் நலமடைகின்றனர். ஆனால் உட்கொள்வோருள் சிலருக்குச் சூதாட்ட வெறியும், கட்டுக்கடங்காத கொள்முதல் ஆசையும், மிகுகாமமும் தோன்றுவதுண்டு. மருந்தைக் குறைத்தாலோ நிறுத்தினாலோ அவை அடங்கிவிடுகின்றன. அத்தகைய ஒருவர் அந்த மாதங்களில் வீட்டுச் சேமிப்பை அழித்திருந்தால், அழித்தவர் யார்? மாத்திரை என்று சொன்னால், மாத்திரை உண்ணாதவரின் டோபமைனும் ஒரு வேதிப்பொருள்தானே என்ற அடுத்த கேள்வி காத்திருக்கிறது. அவரே என்று சொன்னால், மருந்து நின்றதும் அந்த ஆசை எங்கே போயிற்று என்று விளக்க வழியில்லை.

உயிர் தனித்து நிற்பதன்று, தான் சார்ந்ததன் தன்மையாகவே ஆகிவிடும் இயல்புடையது என்னும் சித்தாந்தக் கோட்பாடு இங்குதான் பயன்படுகிறது. அதன்படி அந்நோயாளியின் ஆசை போலியன்று, உயிர் உண்மையிலேயே அதனோடு ஒன்றித் தன்னுடையதாகவே கொண்டது. ஆனால் அது உயிரின் சொந்த இயல்புமன்று, சார்பு நீங்கியதும் நீங்கியது. பொறுப்பை முழுதாகச் சுமத்தவும் முழுதாக நீக்கவும் இக்கோட்பாடு இடந்தரவில்லை. உடலும் அதன் கருவிகளும் வாய்த்தது பிராரத்தம், அதாவது நுகர்வதற்கென வந்த பழவினை. நுகரும்போது விருப்பு வெறுப்போடு புதிதாகச் செய்துகொள்வது ஆகாமியம். உந்துதல் எழுவது முதலாவதைச் சேர்ந்தது. மருத்துவர் எச்சரித்தபின் வீட்டாரிடம் அதைச் சொல்வதா மறைப்பதா என்பது இரண்டாவதைச் சேர்ந்தது. இந்தப் பகுப்பு எல்லா வழக்கிலும் கூர்மையாக விழும் என்று சொல்லமுடியாது, உந்துதல் மிகும்போது அறியும் கருவியே மங்கிவிடும். ஆயினும் குணம் என்றும் நோய் என்றும் இரண்டே பெட்டிகளை வைத்திருக்கும் வழக்கமான பேச்சைவிட இது நுண்மையானது.

வினைக்கொள்கை தவறாகக் கையாளப்படுவதும் இவ்விடத்தில்தான் மிகுதி. பழவினை என்பது தன் துன்பத்தைத் தான் ஏற்பதற்கு உதவ வந்த கருத்து; பிறர் துன்பத்துக்குத் தீர்ப்பெழுத வந்ததன்று. மிகுதியும் குறைவும் நோய் செய்யும் என்று மருந்து அதிகாரத்தில் சொன்ன வள்ளுவர், நோய்முதல் நாடும்படி மருத்துவனைப் பணித்தாரே ஒழிய நோயாளியின் முற்பிறப்பை நாடும்படி யாரையும் பணிக்கவில்லை. ஒருவர் மந்தமாக இருப்பதைக் கண்டு தாமதகுணம் என்று ஒதுக்குவதும், ஒருத்தி குழந்தையைத் தூக்காதிருப்பதைக் கண்டு தாய்மை அற்றவள் என்று பழிப்பதும் சமயச் சொற்களால் செய்யப்படும்போது கூடுதலான கொடுமையாகின்றன.

அந்தப் பின்சொன்ன பெண்ணின் நிலைக்கு மருத்துவத்தில் ஒரு பெயர் உண்டு. கருவுற்ற காலத்தில் பிட்யூட்டரி பருத்துவிடுகிறது, அதற்குக் குருதித் தேவையும் கூடிவிடுகிறது. பேற்றின்போது மிகுதியாகக் குருதி இழக்க நேர்ந்தால், சுரப்பியின் முன்பகுதி குருதியின்றி அழிந்துபோகலாம். ஆங்கிலேய நோயியலறிஞர் ஹரால்ட் ஷீஹன் 1937இல் விரிவாக எழுதியதால் ஷீஹன் நோய்க்குறித் தொகுப்பு என வழங்கும் இந்நிலை, குருதியேற்றும் வசதி பெருகிய நாடுகளில் அரிதாகிவிட்டது. வீட்டுப் பேறுகளும் தாமதமான உதவியும் உள்ள பகுதிகளில், இந்தியாவிலும், இன்னும் காணப்படுகிறது. முதல் அறிகுறி பால் சுரவாமை. பின் மாதவிடாய் திரும்புவதில்லை, அக்குள் மயிர் உதிர்கிறது, குளிர் தாங்குவதில்லை, உடலில் வலுவில்லை, எதிலும் நாட்டமில்லை. இவை மெல்ல மெல்ல வருவதால், பேறு முடிந்து பல ஆண்டுகள் கழித்தே பலருக்கு நோய் கண்டறியப்படுகிறது. அதுவரை அவள் சோம்பேறி என்றும் வீட்டுக்கு ஆகாதவள் என்றும் பெயர்வாங்கி வாழ்ந்திருப்பாள். அவள் உயிரில் குறையேதும் நேரவில்லை, உயிர் தன்னை வெளிப்படுத்தும் கருவிகளுக்கு வரவேண்டிய ஆணை வரவில்லை என்று சித்தாந்தி சொல்லக்கூடும். அவ்வாறு சொல்பவர் அவளை நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடம் அனுப்பவும் கடமைப்பட்டவர். குருதியில் கார்டிசாலையும் தைராய்டு சுரப்பையும் பிட்யூட்டரி ஹார்மோன்களையும் அளந்து பார்த்தால் நோய் தெரிந்துவிடும். முதலில் கார்டிசாலுக்கு ஈடான மாத்திரையும், அதன்பிறகே தைராய்டு மாத்திரையும் தொடங்கவேண்டும். வரிசை மாறினால் உயிருக்கே ஆபத்து. இம்மாத்திரைகள் விலை குறைந்தவை, வாழ்நாள் முழுதும் உட்கொள்ளவேண்டியவை, அவற்றோடு அப்பெண்கள் வழக்கமான வாழ்க்கைக்குத் திரும்புகிறார்கள்.